மரிக்கொழுந்துப் பாசியில் 21 கைகள்: ஐந்து மாத வேலைக் குறிப்பு

சென்ற புரட்டாசி மாதத்தில் ராமநாதபுரம் மாவட்டத்து வேதாளைக் கடற்கரையின் பழைய வலைக்கொட்டகை ஒன்றில் 21 கைகளைக் காட்சிக்கு வைத்தேன். அவை அனைத்தும் பாசி எடுக்கும் பெண்களின் கைகள். மணிக்கட்டுக்கு மேல் ஒரு சாண் நீளம் வரை பிளாஸ்டரில் வார்க்கப்பட்டவை. வேலையைச் சித்திரை தொடக்கத்தில், விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் முடியும் என்று போட்ட கணக்கு ஐந்து மாதமாக நீண்டது. இதே முறையில் கை, கால், முகம் வார்க்க நினைக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கும் சிற்பக் கலை மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

எண்ணத்தின் தொடக்கம் எளியது. மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் பெண்கள் பழைய சேலைக் கிழிசலை விரல்களில் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆண்களின் பனியனை மாட்டி, நீச்சல் கண்ணாடியும் ரப்பர் செருப்பும் அணிந்து கடலில் இறங்கி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் மூன்றும் இரண்டு வழியில் போகின்றன. முதல் இரண்டிலிருந்து அகர் என்னும் கடற்பாசிக் கூழ் கிடைக்கிறது. மூன்றாவதிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. 1881இல் ஃபேனி ஹெஸ் என்ற பெண் தன் சமையல் அனுபவத்திலிருந்து சொன்ன யோசனையின் பேரில்தான் அகர் கிருமி ஆய்வுத் தட்டுக்குள் வந்தது. அதன் பிறகு உலகத்தின் கிருமி ஆய்வுக்கூடங்கள் அது இல்லாமல் நடப்பது அரிது. பல் மருத்துவர் நம் வாயில் வைத்து அச்செடுக்கும் பசை ஆல்ஜினேட்தான். அந்தத் தட்டையோ அந்தப் பசையையோ கையில் எடுப்பவர்களுக்கு இந்தக் கரையின் பெண்களைத் தெரியாது. அவர்கள் பறித்த பொருளைக் கொண்டே அவர்கள் கையை அச்செடுக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

எண்ணிக்கையை 21 என்று முடிவு செய்தது தீவுகளை வைத்து. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பூங்கா வந்த பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த தீவோரங்கள் இந்தப் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. பாறையை வெட்டி விற்றவர்கள் இவர்கள் அல்லர். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். அந்த முயற்சிக்காகப் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது. ஆகவே 19 கைகளை மேலே தொங்கவிட்டு, இரண்டைத் தரையில் மணலுக்குள் பாதி புதைத்து வைப்பது என்பது முதல் நாள் முதலே என் திட்டம். இந்த ஒன்று மட்டும் கடைசி வரை மாறவில்லை.

முதலில் ஆல்ஜினேட்டில் தொடங்கினேன். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் 450 கிராம் பொட்டலம் ஒன்று 450 ரூபாய். முழங்கையில் பாதி வரை மூழ்கும் அளவுக்கு ஒரு கைக்கு ஒரு பொட்டலம் முழுவதும் தேவைப்பட்டது. அதற்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். சாதாரண அறை வெப்பத்தில் மூன்று நிமிடத்துக்குள் இறுகிவிடும் பொருள் அது. சித்திரை வெயிலில் நான் கலக்கி முடிப்பதற்குள்ளாகவே கட்டி தட்டத் தொடங்கியது. முதல் பொட்டலம் என் கையிலேயே வீணானது. அடுத்த நாள் தண்ணீரில் ஐஸ் போட்டுக் குளிரவைத்துக் கலக்கியதில் ஐந்து நிமிடம் கிடைத்தது, அது போதுமானது. ஆனால் விரல் துணியின் நூலிழைகளுக்குள் பசை புகுந்து இறுகியதால், கையை இழுத்தபோது துணிச் சுற்றின் வரிகள் எல்லாம் கிழிந்து வந்தன. துணி இல்லாமல் வெறுங்கையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். என் அம்மா வயதிருக்கும் ஓர் அக்கா, "துணி சுத்துன கைதான் தம்பி எங்க கை. இது வீட்டுல சோறு பிசையிற கை" என்று வெறுங்கையைத் திருப்பிக் காட்டினார். அதற்கு மேல் அந்த யோசனையை எடுக்கவில்லை. துணியை நனைத்து, குளியல் சோப்பைக் குழைத்துத் தடவி, அதன் மேல் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசினால் அச்சு ஒட்டாது என்பதைக் கற்க மேலும் இரண்டு பொட்டலம் செலவானது.

அச்சுக்குள் எதை ஊற்றுவது என்பதில் நான் செய்தது இன்னும் பெரிய தவறு. கீழக்கரைப் பழைய வீடுகளின் சுவரும், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவரும் கண்ணில் நின்றதால் சுண்ணாம்பில் வார்க்க ஆசைப்பட்டேன். பவளச் சுண்ணாம்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்துச் சிப்பிச் சுண்ணாம்பை வாங்கி, சலித்த மணலும் சேர்த்து ஊற்றினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே கூழாகவே இருந்தது. சுண்ணாம்பு காற்றை உண்டுதான் கல்லாகும். ஈரமான அச்சுக்குள் காற்றுப்படாமல் அடைத்து வைத்தால் அது ஒருபோதும் இறுகாது. எந்தக் கொத்தனாரிடம் கேட்டிருந்தாலும் ஒரே வரியில் சொல்லியிருப்பார். அந்த இரண்டு நாளில் ஆல்ஜினேட் அச்சும் நீர் வற்றிச் சுருங்கி, விரல்கள் குழந்தையின் விரல்களைப் போல ஆகிவிட்டன.

அடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 25 கிலோ மூட்டை 340 ரூபாய். ஒரு கிலோ தூளுக்கு 650 மில்லி தண்ணீர் என்பது ஒரு கைக்குச் சரியான அளவு. நான் வீட்டுக் கிணற்று நீரை ஊற்றினேன். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பு எல்லோரும் அறிந்தது. உப்பு பிளாஸ்டரை விரைவாக இறுகச் செய்யும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. விரல் நுனிகளுக்குள் கலவை இறங்குவதற்கு முன்பே மேலே கெட்டியானது. முழுமையாக வந்த ஒரே ஒரு கையும் காய்ந்த பத்தாம் நாள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அன்று முதல் 35 ரூபாய் கேன் தண்ணீர்தான். மொத்தம் 25 கேன்கள் ஆயின. குடிப்பதற்கே கேன் வாங்கும் ஊரில் வார்ப்பதற்கு வாங்குவது மனத்தை உறுத்தியது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் வேலை ஒரு மாதம் நின்றது. காரணம் பொருளைச் சார்ந்ததல்ல. ஐந்து முறை ஐந்து பெண்களை உட்கார வைத்திருந்தேன். ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். டீயும் வடையும் கொடுத்தேன், கூலி கொடுக்கவில்லை. அதைக் கூலி கொடுக்க வேண்டிய வேலை என்று நான் நினைக்கவே இல்லை. ஆறாவது முறை கேட்கப் போனபோது, "நாளைக்கு அமாவாச வங்கு, கடலுக்குப் போனாத்தான் காசு" என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வங்கு என்பது பாசி எடுக்கப் போகும் நாட்கள்; அவை மாதத்துக்கு 12தான். அந்த நாளில் ஒன்றை நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சுரண்டப்படும் உழைப்பைப் பற்றிய கலை என்று சொல்லிக்கொண்டு, அந்த உழைப்பாளிகளின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் நானாக இருந்தேன்.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் பரப்பிய சூரியகாந்தி விதைகளைப் பற்றி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பத்துக் கோடி பீங்கான் விதைகள். ஜிங்தெஜென் நகரில் 1,600 பேர் ஒவ்வொன்றாக வார்த்துக் கையால் வண்ணம் தீட்டியவை. அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் விதைகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். 1,600 பேரை வாயால் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறேன். இந்த ஒரு மாதத்தில் அதைத்தான் அதிகம் நினைத்தேன். பின்பு ஓர் அமர்வுக்கு 400 ரூபாய் என்று பெண்களோடு பேசி முடிவு செய்து, முந்தைய ஐந்து அமர்வுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அமர்வு நாளையும் அவர்களே குறித்தார்கள்: கடலில் இறங்காத நாள், விடியற்காலை ஐந்து மணி.

மீண்டும் தொடங்கியபோது ஆல்ஜினேட்டை விட்டு அகருக்கு மாறினேன். அகரை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆல்ஜினேட் ஒருமுறை இறுகினால் குப்பைதான். பாசியை நேரடியாகப் பெண்களிடமே வாங்கிக் காய்ச்ச விரும்பினேன். அது நடக்கவில்லை. முன்பணம் வாங்கிய வியாபாரிக்குத்தான் சரக்கைப் போட வேண்டும். மூன்று கிலோவைக் கூட வெளியில் தர அவர்களுக்குத் துணிவில்லை. கடைசியில் ஒரு வியாபாரியிடமே காய்ந்த மரிக்கொழுந்து ஐந்து கிலோ வாங்கினேன். மணலுக்கும் ஈரத்துக்கும் என்று பெண்களிடம் கழித்துக்கொள்ளப்படும் எடை என் மூட்டையில் கழிக்கப்படவில்லை. வீட்டில் ஊறவைத்து அலசியபோது வாளியின் அடியில் தங்கிய மணலை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். கால் கிலோவுக்கு மேல் இருந்தது. அதற்கும் நான் பாசி விலையே கொடுத்திருந்தேன்.

காய்ச்சும் முறை: ஓர் இரவு ஊறவைத்து, சிப்பித் துண்டுகளைப் பொறுக்கி, நான்கு நாள் வெயிலில் நனைத்து நனைத்துக் காயப்போட்டால் செந்நிறம் போய் வைக்கோல் நிறம் வரும். பிறகு சிறிது வினிகர் சேர்த்துக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் துணியிலேயே உறைந்துவிடும். உறைந்ததைக் கீற்றாக அரிந்து, குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, வெளியே எடுத்து உருகவிட்டால் நீர் தனியாக ஓடிவிடும். மிஞ்சுவதை வெயிலில் காயவைக்கலாம். ஒரு கிலோ பாசியில் எனக்கு 110 கிராம்தான் தேறியது. கஞ்சிப்பாசியிலும் ஒருமுறை முயன்றேன். அதன் கூழ் மிக மென்மையானது. விரலை எடுக்கும்போதே பிளந்தது. வீட்டுச் சரக்கு போதாததால் மதுரையிலிருந்து ஒரு கிலோ அகர் தூள் 2,200 ரூபாய்க்கு வரவழைத்து இரண்டையும் கலந்துகொண்டேன். முழுவதும் இந்தக் கரைப் பாசியிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே முடிந்தது.

அகரில் முதலில் செய்த முறையும் தவறு. மூன்று லிட்டர் கூழை வாளியில் ஊற்றி, 43 டிகிரிக்கு ஆறியதும் கையை விடச் செய்தேன். அகர் உறைவது ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரிக்குள். மூன்று லிட்டர் கூழ் எப்போது அந்த அளவுக்கு ஆறி உறையும்? ஒன்றரை மணி நேரம் கையை அசைக்காமல் இருந்த பெண்ணுக்குத் தோள் மரத்துப்போயிற்று. வாளியைச் சுற்றி ஐஸ் கொட்டிய இரண்டாவது முயற்சியில் வெளிப்புறம் இறுகியது, கையை ஒட்டிய இடம் குழைந்தே இருந்தது.

தீர்வு தூரிகையில் கிடைத்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் அகர், 50 மில்லி கிளிசரின். இந்தக் கலவையை 45 டிகிரியில் வைத்துக்கொண்டு கையின் மேல் அடுக்கடுக்காகப் பூசினேன். முதல் பூச்சு மெல்லியதாக, துணியின் ஒவ்வொரு வரியிலும் இறங்கும்படி இருக்க வேண்டும். அது இரண்டு நிமிடத்தில் உறைந்ததும் அடுத்தது. மூன்றாவது பூச்சின் மேல் காயத்துக்குக் கட்டும் வலைத்துணித் துண்டுகளை ஒட்டி, மேலும் இரண்டு பூச்சு. மொத்தத் தடிமன் ஆறு, ஏழு மில்லிமீட்டர். விடியற்காலைக் குளிர்ச்சியில் மேசை விசிறி ஓட, 35 நிமிடத்தில் முடிந்தது. ஒரு கைக்கு 600 மில்லி கலவையே போதும். பழையதை உருக்கி வடிகட்டி நான்கு முறை வரை பயன்படுத்த முடிந்தது. ஐந்தாவது முறை பிளாஸ்டர் துகள் கலந்து வலுவிழக்கிறது. வெப்பமானிக்கு 450 ரூபாய் ஆனது. அதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். அது வருவதற்கு முன் கைக்கணக்கில் பூசியபோது ஒருவர் சுட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கொப்புளம் எழவில்லை. அதன் பின், வெப்பமானி இருந்தும், என் மணிக்கட்டின் உட்புறத்தில் பூசிப் பார்க்காமல் ஒரு நாளும் தொடங்கவில்லை.

கையைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க, பூசுவதற்கு முன்பே சுண்டுவிரல் ஓரமாக ஒரு தூண்டில் நரம்பை ஒட்ட வைத்துவிட வேண்டும். பூச்சு முடிந்ததும் நரம்பை இழுத்தால் அது அச்சைச் சீராக அறுத்துக்கொண்டு வரும். அறுப்பதற்கு முன் வெளியே பிளாஸ்டரில் இரண்டு பாதியாக ஒரு தாங்கு அச்சு போடுவது அவசியம். இல்லாவிட்டால் உள்ளே ஊற்றும் எடையில் அகர் விரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் அகர் நீரைக் கக்கிச் சுருங்கும்.

விரல் முறியாமலிருக்க உள்ளே கம்பி வைத்தேன். துத்தநாகம் பூசிய கம்பிதான். ஆயினும் மூன்றே வாரத்தில் நான்கு கைகளின் மணிக்கட்டில் பழுப்புக் கறை கசிந்தது. கம்பியை விட்டுவிட்டுப் பனைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து விரலுக்கு மூன்று இழை வீதம் வைத்தேன். அதற்குப் பின் வார்த்தவற்றில் கறையும் இல்லை, முறிவும் மிகக் குறைவு. கறைபட்ட நான்கையும் ஒதுக்கவில்லை. அந்தப் பெண்களே அவை இருக்கட்டும் என்றார்கள்.

ஈரத்தில் ஒன்றரைக் கிலோ இருந்த கை, தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் இரண்டு வாரம் நிழலில் காய்ந்தபின் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நின்றது. மேலே ரசாயனப் பூச்சு எதுவும் அடிக்கவில்லை. நாளைக்கு உடைந்து மண்ணில் விழுந்தாலும் கடலுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதால்தான். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கியதைக் கேட்டவர்கள், கடலோரத்தில் ரசாயனப் பிசினைக் கொண்டு சிற்பம் செய்யத் துணியமாட்டார்கள்.

தொங்கவிடக் கரையொதுங்கிய வலைக்கயிற்றையே எடுத்தேன். நைலான் முடிச்சு வழுக்கும் என்பதை மறந்து சாதாரண முடிச்சுப் போட்டதால் முதல் இரவிலேயே இரண்டு கைகள் விழுந்தன. கைகளுக்கிடையே 45 சென்டிமீட்டர்தான் விட்டிருந்தேன். காற்றில் ஒன்றோடொன்று மோதி மேலும் மூன்று விரல்கள் உடைந்தன. வலை பின்னும் பெரியவர் ஒருவர் முடிச்சுகளை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். இடைவெளியை 70 சென்டிமீட்டராக்கி, தரையிலிருந்து உயரத்தை நெஞ்சளவுக்கு வைத்தேன்.

பெயர்ப்பலகை வைப்பதைப் பெண்கள் ஏற்கவில்லை. கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது, கெடுபிடியும் இருக்கிறது, எதற்குப் பெயர் என்றார்கள். மணிக்கட்டின் வெட்டுமுகத்தில் ஒவ்வொருவரும் ஈரத்திலேயே ஆணியால் ஒரு குறி கீறினார்கள். அது கீழே குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். பெயருக்குப் பதிலாக நான் ஒரு பலகையில் வேறொரு கரையின் செய்தியை எழுதி வைத்தேன். 2004 பிப்ரவரி 5 இரவு இங்கிலாந்தின் மோர்கம்பே விரிகுடாவில், சிப்பி பொறுக்க அனுப்பப்பட்ட சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிய கடலில் மூழ்கி இறந்தார்கள். அந்தக் கரையின் நீரோட்டத்தை அறியாதவர்களை இருட்டில் இறக்கிவிட்டவர் வேலைக்கு ஆள்பிடிக்கும் தரகர். அதன் பிறகே அந்த நாட்டில் தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. தீவுகளுக்காக நான் எடுத்த எண் அங்கேயும் இருந்ததைப் படித்த நாளில் வேலை செய்ய முடியவில்லை.

இப்போது யோசித்தால் பலகை தவறு. கொட்டகை மூன்று நாள் திறந்திருந்தது. ராமேசுவரம் போகும் வழியில் வண்டியை நிறுத்தி வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், கைகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், புறப்பட்டார்கள். கைகளை நின்று பார்த்தவர்கள் குறைவு. சிலர் நேர்த்திக்கடனாகச் செலுத்திய உருக்கள் என்று எண்ணி, மணலில் புதைந்த இரண்டு கைகளுக்கு அருகே காசு வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காசை எடுக்கவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை; மூன்றாம் நாள் மாலை பெண்களிடமே கொடுத்தேன். அடுத்த முறை எழுத்து எதுவும் இருக்காது. கொட்டகை வாசலைத் தாழ்த்தி, குனிந்து உள்ளே வரும்படி செய்வேன். குனிந்தால் மணிக்கட்டுக் குறி கண்ணில் படும்.

மொத்தச் செலவு இருபத்தோராயிரத்தைச் சற்றே தாண்டியது. அதில் 31 அமர்வுகளுக்கான கூலி 12,400 ரூபாய். மீதியில் பெரும்பங்கு வீணான ஆல்ஜினேட்டுக்கும் அகருக்கும். முதலிலேயே தூரிகை முறைக்கு வந்திருந்தால் பொருளில் நான்காயிரம் ரூபாயும், பெண்களின் ஏழு காலைப்பொழுதுகளும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் நாள் மாலை, கை கொடுத்த 14 பெண்களும் (சிலர் இரண்டு கைகளையும் கொடுத்திருந்தார்கள்) சேர்ந்து வந்தார்கள். குறியைப் பார்க்காமலேயே துணி சுற்றிய விதத்தைக் கொண்டு யார் கை எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். என்னைத் தம்பி என்று அழைக்கும் அந்த அக்கா தன் வலது கை முன் நின்று, உடைந்து நான் ஒட்டிய ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தார். "இந்தச் சுத்து தப்பு தம்பி. நகத்துல இருந்து கீழ வரணும். நீங்க கீழ இருந்து மேல சுத்தியிருக்கீங்க, தண்ணிக்குள்ள அவுந்துரும்" என்றார். ஒட்டிய விரலில் வரிகளைக் கத்தியால் செதுக்கியது நான்தான்; துணி எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்பதை ஐந்து மாதமாகக் கவனிக்கவில்லை. அந்தக் கையையும், அதே போல நான் செதுக்கிய இன்னொரு கையையும் இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த வங்கு முடிந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அகரில் 80 கிராம் மீதம் இருக்கிறது.